அம்மன் எழுதிய இறங்கு சீட்டு

பெற்ற மகள் கரையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். அந்தக் கரை என் கண்ணுக்குத் தெரிகிறது. தென்னை மரங்கள் தெரிகின்றன, ஓட்டு வீடுகள் தெரிகின்றன. ஆனால் கப்பலை விட்டு நான் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலைப் பொழுதை நான் எப்படிக் கழித்தேன் என்பது எனக்கும் சேலம் கோட்டை மாரியம்மனுக்கும்தான் தெரியும். நாலு பேர் முன்னால் நின்று சொல்ல எனக்கு வராது. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. இருந்தாலும் அம்மன் செய்ததைச் சொல்லாமல் கண்ணை மூடக் கூடாது என்று எழுதுகிறேன்.

எனக்குச் சிறு வயதில் அம்மை வார்த்தது. உயிரை விட்டுவிட்டு முகத்தை எடுத்துக்கொண்டு போனது. கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் குழி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கு இழுத்து மூடிய முந்தானையை நான் எடுக்கவே இல்லை. கல்யாணம் ஆன பிறகும், விதவையாகிச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டிக்காரர் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்த பிறகும், கண் மட்டும் தெரியத்தான் நடமாடுவேன். கோட்டை மாரியம்மன் கோயிலில்கூடத் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டு வந்துவிடுவேன்.

எனக்கு ஒரே மகள், பாவாயி. மருமகன் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கல்யாணம் முடிந்து கப்பலேறிப் போனவளை அப்புறம் நான் பார்க்கவில்லை. மேட்டூர் அணையில் தண்ணீர் தேக்கினார்களே, அதற்கு மறு வருஷம் தை மாதம், அங்கிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் சொன்னார். பாவாயிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் விடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஆளே அடையாளம் தெரியவில்லை. இதைக் கேட்ட பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை.

அதே சமயம் மண்டிக்கார அம்மா சிங்கப்பூரில் இருக்கும் பெரிய மகனைப் பார்க்கப் புறப்பட்டார்கள். பிறர் கையால் சாப்பிட மாட்டார்கள். கூட வர ஒரு சமையல்காரி வேண்டும். கடலைத் தாண்டுவதா என்று மற்றவர்கள் பின்வாங்கினார்கள். நான் வருகிறேன் என்றேன்.

"ஏங் குப்பாயி, கடலுன்னா உனக்குப் பயமில்லையா?"

"பயந்தானுங்க. ஆனா கப்பலு பினாங்குல ஒரு நா நிக்குமாமுங்களே."

"அப்ப சமைக்க வாரியா, மகளப் பாக்க வாரியா?"

"ரெண்டுக்குந்தானுங்க."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். "சரி, வா. வழியில எறங்கிப் பாத்துட்டு ஓடியாந்துரணும்" என்றார்கள்.

கப்பலில் போகிறவர்கள் அம்மை ஊசி குத்திச் சீட்டு வாங்க வேண்டும். மண்டிக்கு ஊசிக்காரர் வந்தார். எல்லோருக்கும் குத்தினார். என் முறை வந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுக்குங்க? மாரியாத்தா எப்பவோ குத்தியுட்டுப் போயிட்டாளே!" என்றார். அங்கிருந்த மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. சீட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. உள்ளே போய்விட்டேன்.

சூரமங்கலத்தில் ரயிலேறி, ஈரோட்டில் மாறி, நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். மண்டிக்கார அம்மாவோடு வந்தவள் என்று அங்கே யாரும் என்னை நிறுத்திக் கேட்கவில்லை. படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் விட்டார்கள். அம்மாவுக்கு மேலே அறை. எனக்கு டெக்கில் இடம். அம்மாவுக்குச் சமைத்து மேலே கொடுத்துவிட்டுக் கித்தான் பந்தலின் கீழே ஒரு பாயில் படுத்துக்கொள்வேன். பக்கத்தில் ஓர் ஆத்தூர்க்காரி. தோட்ட வேலைக்குப் போகிறவள். வாய் ஓயாது பேசுவாள், ஆனால் தங்கமான மனசு. வாந்தியில் நான் சுருண்டு கிடந்தபோது தலையைப் பிடித்துவிட்டவள் அவள்தான்.

பினாங்கு நெருங்கும்போது டெக்கில் ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. அது வெறும் வேர்க்குரு என்று பிறகு தெரிந்தது. ஆனால் அம்மை அம்மை என்று கப்பல் முழுக்கப் பேச்சாகிவிட்டது. துறைமுக டாக்டர் வந்து எல்லோரையும் பார்ப்பார், சந்தேகம் வந்தவர்களைப் பக்கத்துத் தீவில் நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் கொட்டகையில் அடைத்துவிடுவார் என்றார்கள். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் பினாங்கில் ஒரு நாள் இறங்கிப் பார்க்க வேண்டுமானால், ஊசித் தழும்பும் ஊசிச் சீட்டும் காட்டி இறங்கு சீட்டு வாங்க வேண்டுமாம். அறையில் வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் டெக்கில் வந்தவர்களுக்குத்தான்.

ஆத்தூர்க்காரி என் காதோடு சொன்னாள்: "அக்கா, உம் மூஞ்சிய அந்த டாக்டரு பாத்தான்னு வெச்சுக்க, அம்மைக்காரின்னு தீவுல கொண்டு போயி அடைச்சிடுவான். நல்லா இழுத்து மூடிக்க."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கண் மட்டும் தெரிய மூடுகிறவள், அன்றைக்குக் கண்ணும் பாதி மறைய மூடிக்கொண்டேன்.

விடிந்ததும் வரிசையில் நிறுத்தினார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர். பக்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி ஒருவர். டாக்டர் குனிந்து குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டு போனார். என் கையைக் கிராணிதான் பார்த்தார்.

"தழும்பையே காணோமே. சீட்டு எங்கேம்மா?"

"சீட்டு... இல்லீங்க."

"ஊசியும் இல்ல, சீட்டும் இல்ல! நீ சிங்கப்பூரு போற ஆளுதானே? பேசாம கப்பல்லயே உட்காரு."

"எம் புள்ள கரையில நோவாக் கெடக்குதுங்க. ஒரு தடவ பாத்துட்டு..."

"எல்லாருக்குந்தான் கரையில ஆளு இருக்கு. தள்ளி நில்லு. அடுத்த ஆளு வா!"

அவ்வளவுதான். மேலே போய் மண்டிக்கார அம்மாவிடம் அழுதேன். அவர்கள் ஆள் விட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். சட்டம் சட்டம்தான் என்று பதில் வந்தது. ஆத்தூர்க்காரியும் மற்றவர்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படகுக்குக் காத்து நின்றார்கள். புறப்படும் முன்பே கடிதம் போட்டிருந்ததால், கரையில் மருமகன் வந்து நிற்பார் என்று எனக்குத் தெரியும். எந்தப் புள்ளி அவர் என்று தெரியவில்லை.

டெக்கின் ஓரத்தில் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்தேன். புறப்படும்போது மடியில் முடிந்து வைத்த அம்மன் குங்குமத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன்.

"தாயே, எம் மொகத்துல கை வெச்சவ நீ. அதுக்காக ஒரு நாளும் உன்ன வையல. ஒண்ணும் கேக்கவும் இல்ல. இன்னிக்குக் கேக்கறேன். எம் புள்ள மொகத்த ஒருக்காக் காட்டீரு. காட்டுனா, ஆடி மாசம் உன் எதுக்கால முந்தானைய எடுத்துட்டு நிக்கறேன்."

அடக்கி அடக்கி வைத்த அழுகை எல்லாம் வந்துவிட்டது. முந்தானை நனைந்து மூச்சு முட்டியது. அதை இழுத்துவிட்டு முகத்தைத் துடைத்தேன். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை.

நிமிர்ந்தால் எதிரில் அந்த டாக்டர் நிற்கிறார்.

வேலையை முடித்துக்கொண்டு ஏணிப் பக்கம் போனவர், நின்று என்னையே பார்க்கிறார். பதறி மூடப் போனேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார். குனிந்து வெயிலில் என் முகத்தை உற்றுப் பார்த்தார். தீவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். கிராணியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

"இது எப்ப வந்துச்சும்மா உனக்கு?" என்று கேட்டார் கிராணி.

"சின்னப் புள்ளையிலங்க. சாமி சத்தியமா இப்ப எனக்கு ஒண்ணும் இல்லீங்க. தீவுக்கு அனுப்பிப் போடாதீங்க."

கிராணி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரித்தார். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடமே நீட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒரு தடவ வந்தவங்களுக்கு மறுபடி வராதாம். ஊசியை விட இது உசத்தின்னு தொரை சொல்றாரு" என்றார் கிராணி. பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, மூஞ்சியில இம்மாம் பெரிய சீட்ட வெச்சுக்கிட்டு இழுத்து இழுத்து மூடினா யாருக்குத் தெரியும்? சாயங்காலம் கப்பல் சங்கு ஊதறதுக்குள்ள வந்துடணும். ஓடு, படகு போவுது!"

ஆத்தூர்க்காரி படகில் எனக்கு இடம் விட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடி அக்கா, நானில்ல உன்னக் கெடுக்கப் பாத்தேன்! எனக்கு ஊசி குத்தின எடம் இன்னும் வலிக்குது. உங்க அம்மன் எனக்கும் ரெண்டு போட்டிருக்கலாம்" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

கரையில் மருமகன் நின்றிருந்தார். "வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வேகமாக முன்னால் நடந்தார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. குழந்தையைப் பக்கத்து வீட்டம்மா வைத்திருந்தார். பாயில் என் மகள் கிடந்தாள். எலும்பும் தோலும். கண் மூடியிருந்தது. "பாவாயி, பாவாயி" என்று கூப்பிட்டேன். திறக்கவில்லை. ரெண்டு நாளாக இப்படித்தான், யார் கூப்பிட்டாலும் தெரியவில்லை என்றார் மருமகன்.

பக்கத்தில் படுத்து என் கன்னத்தை அவள் முகத்தோடு வைத்தேன். கொஞ்ச நேரம் போனது. அவள் கை மெதுவாக மேலே வந்தது. விரல் என் கன்னத்துக் குழியில் பதிந்தது. சின்னப் பிள்ளையில் அவள் தூங்குவது அப்படித்தான். அந்தக் குழியில் விரல் வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். விரல் ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குப் போயிற்று. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"அம்மா... நா ஊட்டுக்கு வந்துட்டனா?"

"நா வந்துட்டேன் சாமி."

அம்மன் குங்குமத்தை நெற்றியில் வைத்தேன். கஞ்சி காய்ச்சி, மிளகு ரசம் வைத்து, ஒரு வாய் ஒரு வாயாக ஊட்டினேன். முதல் வாய் வெளியே வந்தது. அடுத்தது நின்றது. மத்தியானம் கண்ணைத் திறந்து குழந்தையைக் கேட்டாள். சங்கு ஊதும் நேரம் வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. ஆனால் நாள் முடிவதற்குள் திரும்ப வேண்டும் என்பது சீட்டின் நிபந்தனை. ஒரு தரம் முகத்தைக் காட்டு என்று கேட்டேன், அம்மன் காட்டிவிட்டாள். மீதியையும் அவளே பார்த்துக்கொள்வாள் என்று கிளம்பினேன்.

பார்த்துக்கொண்டாள். பங்குனியில் திரும்பி வரும்போதும் கப்பல் பினாங்கில் நின்றது. இந்த முறை வரிசையில் முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. கரையில் என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் காலில் நின்றிருந்தாள்.

அந்த ஆடியில் கோட்டை மாரியம்மன் சந்நிதிக்கு நேர் எதிரில் நின்றேன். தூணுக்குப் பின்னால் இல்லை. முந்தானையை எடுத்தேன். முதலில் கூசியது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சம் போய்விட்டது. அப்புறம் மூடவில்லை. யுத்தம் வருவதற்கு முன்பே மகள் குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டாள். இதில் இருக்கும் எழுத்துப் பிழைகளைத் திருத்தியது அந்தப் பேத்திதான்.

கப்பலில் போகிற பெண்களே, அம்மன் இருக்கிறாள் என்று ஊசிச் சீட்டு வாங்காமல் போய்விடாதீர்கள். வாயைத் திறந்து கேட்டு வாங்குங்கள். என்னைப் போல் கூச்சப்பட்டு அவளை அலைய வைக்க வேண்டாம். ஆனால் எல்லாக் கதவும் மூடிப் போய், கையில் ஒரு சீட்டும் இல்லாமல் நிற்கிற நாள் உங்களுக்கும் வந்தால், ஒளித்து வைத்த துக்கத்தை அவள் முன்னால் திறந்து அழுது விடுங்கள். எதை நீங்கள் குறை என்று மூடி வைத்தீர்களோ, அதன் மேலேயே அவள் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பாள்.