யானையின் சிவப்பு ஷூ

அலுவலகத்தில் அவருக்கு 'சரிங்க' என்றே பெயர். சுவர் ஓவியங்கள் வரைந்து கொடுக்கும் கம்பெனியில் பதினான்கு வருடம். வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். ஆரம்பத்தில் எல்லோரையும்போல எகிறினார், பென்சிலை ஒடித்தார், மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு ஒரு வித்தை கற்றார். ஒவ்வொரு படத்திலும் வேண்டுமென்றே ஒரு கிறுக்குத்தனத்தைச் சேர்த்துவிடுவார். பார்க்க வருகிற புத்திசாலி அதைப் பிடித்துக்கொண்டு, எடுக்கச் சொல்லிவிட்டு, நிறைந்த மனதோடு போய்விடுவார். மற்றது தப்பிக்கும்.

வித்தை கைவந்ததும் கோபம் வருவது நின்றது. சந்தோஷமும் கூடவே நின்றுபோனதை அவர் கவனிக்கவில்லை, மனைவிதான் சொன்னாள்.

மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கான யானையை மட்டும் எட்டு முறை அழித்து வரைந்தார். போன வருடம் அவர் மகள் அங்கே பதினெட்டு நாள் கிடந்தாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டால், திரைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு எதிர்ச்சுவர் தெரியும். வெறும் சுவர். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளிக்குள் அடங்கும்படி, கட்டிலைப் பார்த்துப் படுத்திருக்கும் யானை. நிர்வாகி அம்மாள் எடுக்கச் சொல்வதற்காகக் காலில் ஒற்றை சிவப்பு ஷூ.

அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தார். "ஷூ ரொம்ப நல்லாருக்கு. யானை ஏன் நோயாளி மாதிரி படுத்திருக்கு? எழுந்து நிக்கட்டும். போட்டோவுல பெருசா தெரியணும்."

படுத்திருக்கும் குழந்தைக்கான படம் என்று சொல்ல வாயெடுத்தார். பழக்கம் முந்திக்கொண்டது.

"சரிங்க."

கோபம் வருகிறதா என்று காத்துப் பார்த்தார். வரவில்லை.

மூன்று மாதம் கழித்து மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். அதே வார்டு. யானை கூரை முட்ட நின்றது. மகள் வாய் பிளந்து பார்த்தாள். நர்ஸ் அவளைப் படுக்கவைத்துத் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

"அப்பா, படுத்தா யானையே இல்லப்பா. ஷூ மட்டும்தான் தெரியுது."

குனிந்து பார்த்தார். நாலு சாம்பல் கால், ஒன்றில் ஷூ.

"அத எதுக்குப்பா போட்டீங்க?"

"எடுக்கச் சொல்லட்டும்னு போட்டேன்மா."

நர்ஸ் ஊசியோடு வந்தபோதும் அவள் கண்ணை ஷூவிலிருந்து எடுக்கவில்லை. எத்தனையோ வருடம் கழித்து அவருக்குக் கோபம் வந்திருந்தது. நிர்வாகி அம்மாள் மேல் அல்ல.