குலி ஆவாஸ்

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டின் பின் வராந்தாவைப் பலகையும் கண்ணாடியும் வைத்து அடைத்து ஓர் அறையாக்கியிருந்தோம். எழுபதுகளின் கடைசியில் அந்தக் காலனியில் வராந்தாவை அடைக்காத வீடு ஏது? ஒரு கட்டிலைப் போட்டால் ஆள் நிற்க இடமிருக்காது. அந்த அறைக்குத்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் போட்டி.

அவருக்கு அது பாட்டுக் கேட்கும் அறை. ஆபீஸில் யாரோ கொடுத்த வெளிநாட்டுப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு, நாற்காலி எங்கே, ஸ்பீக்கர் எங்கே என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிட்டார். ரெக்கார்ட் பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் ஏற்கெனவே வந்து சேர்ந்து, துண்டு போர்த்திக்கொண்டு காத்திருந்தன. எனக்கு அது பாடும் அறை. ஆனால் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் நான் பாடினால் தெருக்கோடி வரை கேட்கும். டெல்லிக்கு வந்த புதிதில் ஒருநாள் காலையில் அதே மாதிரி சாதகம் செய்யப் போக, மேல் வீட்டுப் பெஹன்ஜி பதறிக்கொண்டு இறங்கி வந்து, "தபியத் டீக் ஹை?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பாட்டுதான் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதோடு குரலை அடக்கிக்கொண்டேன். குக்கர் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு முணுமுணுப்பேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் என் பாட்டை ஒழுங்காகக் கேட்டது பெண் பார்க்க வந்த அன்றைக்கு. அன்றும் பயத்தில் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. "ஏதோ பாடுவா" என்று சிநேகிதர்களிடம் சொல்வார். அந்த "ஏதோ"வைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை, "ஸ்பீக்கர் வாங்கணும், கரோல் பாக் வரைக்கும் வா. உனக்குத்தான் சங்கீதக் காது, எனக்கு ஆசை மட்டும்தான். கேட்டுச் சொல்லு" என்றார்.

"என் காது மட்டும் வேணுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே புடவை மாற்றிக்கொண்டேன். அவருக்குக் குத்தல் உறைத்ததாகத் தெரியவில்லை.

கடைக்காரர் ஒரு பஞ்சாபி. கடை முழுக்க மரப்பெட்டிகள், முகத்தில் பழுப்புத் துணி கட்டி. எங்கள் கையில் ஒரு பாடகியின் இசைத்தட்டு இருந்தது. முதல் ஜோடியில் போட்டார். மிருதங்கம் இடி இடித்தது. அந்த அம்மாள் எங்கோ பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினாள். என் வீட்டுக்காரரோ அந்த அதிர்வுக்கே, "பேஸ் பாத்தியா, பேஸ்" என்று குழந்தை மாதிரி பூரித்துப்போனார். நம் பொந்துக்குள் இதைக் கொண்டுபோய் வைத்தால் கண்ணாடியெல்லாம் கடகடக்கும் என்றேன். அடுத்த ஜோடியில் குரல் மூக்கால் வந்தது. அதற்கடுத்ததில் ஜலதோஷம்.

எனக்கு வேண்டியது திறந்த குரல். அதை இந்தியில் சொல்ல எனக்கும் தெரியும் என்று நிமிர்ந்து, "பையா, குலி ஆவாஸ் சாஹியே" என்றேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குலி ஆவாஸ்?"

"ஹாங் ஜி. குலி."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் பாஷையில் திறந்ததும் குலிதான், ரயிலடியில் பெட்டி தூக்குகிறவரும் குலிதான். திறந்ததற்கு மட்டும் முதல் எழுத்தில் கொஞ்சம் மூச்சுக் காற்று சேர வேண்டும். நம் 'க'வுக்கு ஏது அந்தக் காற்று? நான் கேட்டது போர்ட்டர் குரல் ஆகிவிட்டது. கடைக்காரர், பாவம், வாடிக்கையாளர் சொல்லைத் தட்டாதவர். உள்ளேயிருந்து ஆளுயரத்துக்கு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார், கல்யாணப் பந்தலில் கட்டுகிற ரகம். "யே லீஜியே. பூரா பிளாட்ஃபார்ம் சுனேகா" என்று போட்டார். பிளாட்ஃபார்ம் முழுக்கக் கேட்குமாம். அந்த அம்மாள், வண்டி கிளம்பப் போகிறது, ஓடி வா என்கிற மாதிரி கத்தினாள்.

"நஹி, நஹி. குலி, குலி" என்று நான் மன்றாடினேன். என் வீட்டுக்காரர் உதவிக்கு வந்து அவர் பங்குக்கு ஒரு குலி சொன்னார். அவர் மதுரை. அவர் 'க'வும் என் 'க'வும் ஒன்றுதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இசைத்தட்டை நிறுத்தச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று சட்ஜத்தைப் பிடித்துக் காட்டி, "யே நஹி" என்றேன். பிறகு வாயைத் திறந்து 'ஆ' என்று அதே ஸ்வரத்தைப் பாடினேன். "யே" என்று சொல்லி அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிற்கவில்லை. மூடி வைத்திருந்தது அத்தனையும் கிளம்பி வந்துவிட்டது. பஞ்சமத்தில் நின்று, மேல் சட்ஜத்தைத் தொட்டு, அங்கிருந்து இறங்கி வரும்போதுதான் கடையில் வேறு சத்தமே இல்லை என்பது உறைத்தது. வெட்கத்தில் முகம் சிவந்துபோயிருக்கும். ஆனால் என்ன சந்தோஷம் எனக்கு அப்போது. அதை இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை.

"அச்சா" என்றார் கடைக்காரர் மெதுவாக. பிறகு அந்த மூச்சுக் காற்றோடு, "க்ஹுலி."

மேல் தட்டிலிருந்து ஒரு சின்ன ஜோடியை இறக்கினார். அரிசி டின் உயரம்கூட இல்லை. அதில் அந்தப் பாடகி பெட்டியை விட்டு வெளியே வந்து எங்கள் முன்னால் நின்று பாடினாள். இதுதான் என்று நான் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரைக் கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் மடியில் ஆளுக்கொரு பெட்டி. ஆட்டோவை டெல்லியில் ஸ்கூட்டர் என்றுதான் சொல்வோம். பாதி வழியில் அவர் என் பக்கம் திரும்பினார். "இப்படி ஒரு குரல் உனக்கு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருஷத்துல வீட்டுல ஒரு நாள்கூட நீ..." என்று இழுத்தார்.

"நீங்க கேக்கலியே" என்றேன்.

விசாரிக்கவில்லை என்ற அர்த்தத்தில் சொன்னேனா, காது கொடுக்கவில்லை என்ற அர்த்தத்திலா, எனக்கே நிச்சயமில்லை. அவர் இரண்டையுமே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். முகம் சுருங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளைக் கூடத்து அலமாரி மேல் ஏற்றினார். பின்னறையில் போட்டிருந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஸ்பீக்கர் இங்கேயே இருக்கட்டும். அந்த ரூம் உனக்கு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, இதைச் சொல்ல இத்தனை வருஷமா என்று. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டேதான் தொடங்கினேன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பாடியதில் சுருதி சேரவேயில்லை. அவர் நிலைப்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.