முப்பத்தேழாவது படம்

இது நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. 2004 ஜூன் மாதம், செகந்திராபாத்தை அடுத்த அல்வாலில், நான் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. எல்லாம் பட்டப்பகலில், சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிந்த விஷயம்.

என் பெயர் பத்மப்ரியா. சொந்த ஊர் திருநெல்வேலி. பேகம்பேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். காலை ஷிப்ட் என்பதால் நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்ததும் மாடியில் மேகங்களைப் படம் எடுப்பேன். கறுப்பு வெள்ளையில் மட்டும், ஃபிலிமில் மட்டும்.

ஆபீஸில் எல்லாரும் புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. "மேகத்துல என்னடி இருக்கு, அதுவும் கலர் இல்லாம?" என்று கேலி செய்தார்கள். லென்ஸில் சிவப்பு ஃபில்டரை மாட்டி எடுத்துப் பார்த்தால்தான் என்ன இருக்கிறது என்று தெரியும். நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். மேகம் மட்டும் வெள்ளை வெளேரென்று தனியாக நிற்கும். பகலில் எடுத்த படம் ராத்திரி போல இருக்கும்.

அந்த ஜூலையில் ஒரு கண்காட்சியில் எனக்கு ஒரு முழுச் சுவர் கொடுத்திருந்தார்கள். என் முதல் சுவர். முப்பது மாலைகள், ஒரே இடம், ஒரே நிமிடம், முப்பது வானம். இதுதான் நான் ஒத்துக்கொண்டது. மாடித் தரையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். தினமும் அதன் மேல்தான் நிற்பேன். 5:40-க்கு ஆரம்பித்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம். பதினொன்று வெளிச்சம் பிடிபடுவதற்கு. 5:51-க்கு எடுக்கும் பன்னிரண்டாவதுதான் சுவருக்கு. ஒரு நாள் தப்பினாலும் எல்லாம் வீண்.

மூன்று நாளுக்கு ஒரு ரோல், முப்பத்தாறு படம். முப்பத்தாறு முடிந்ததும் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றிவிடுவேன். ஒவ்வொரு படத்தையும் நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொள்வேன். குளியலறை ஜன்னலைக் கறுப்புக் காகிதம் ஒட்டி அடைத்து, அங்கேயே கழுவிப் பிரிண்ட் போடுவேன்.

முதல் ரோலைக் கழுவிக் காயப் போட்டேன். எண்ணினேன். முப்பத்தேழு.

ஃபிலிமைக் கேமராவில் போடும்போது நுனியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஒரு படம் கூடுதலாக விழும். எல்லா ஃபோட்டோகிராபருக்கும் தெரியும். ஆனால் நான் பொத்தானை அழுத்தினால்தானே விழும்? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேகம் இல்லை. ஒரே சாம்பல் நிறம், நடுவில் சின்னதாக ஒரு சதுரம். கீறல் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இரண்டாவது ரோல். மறுபடியும் முப்பத்தேழு. இப்போது சதுரம் பெரிதாகியிருந்தது. அதற்குள் வட்டமாகத் தண்ணீர்த் தொட்டி. துணிக்கொடி. பெருக்கல் குறி.

எங்கள் மாடி... மேலே இருந்து எடுத்தது.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்றால் கண்டுபிடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தப்பு வந்தால் அலறக் கூடாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது ரோலுக்கு வேறு கம்பெனி ஃபிலிம் போட்டேன். வந்தது. ரோல் முடிந்த நாளில் நான் சிவப்புத் துப்பட்டா போட்டிருந்தேன். சிவப்பு ஃபில்டர் வழியாக எடுத்தால் சிவப்புத் துணி வெள்ளையாக விழ வேண்டும். கூடுதல் படத்தில் கறுத்திருந்தது. அப்படியென்றால் அது என் லென்ஸ் வழியாக வந்த படமே இல்லை.

நான்காவது ரோலுக்குக் கேமராவையே மாற்றினேன். செகந்திராபாத் கிளாக் டவர் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த முகமது யூசுப் பாயிடம் இரவல் வாங்கினேன். எனக்கு ஃபிலிமும் பேப்பரும் விற்பவர் அவர்தான். ஆம்பூர்க்காரர், முப்பது வருஷமாக இங்கே இருக்கிறார்.

"உன்னுது நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இன்னொண்ணு?"

"டெஸ்ட் பண்ணணும், பாய்."

அதிலும் வந்தது. இப்போது என் உச்சி வகிடு தெரிந்தது. ஞாயிறு காலையில் சனத்நகரில் ஒரு தோழி வீட்டு மாடிக்குப் போய் ஒரு முழு ரோல் எடுத்தேன். சரியாக முப்பத்தாறு. ஆக, கேமரா இல்லை, ஃபிலிம் இல்லை. எங்கள் மாடி. எங்கள் வானம்.

ஐந்தாவது ரோலிலிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. 5:49-க்குத் தொடங்கும். பட பட பட... துணி காற்றில் அடித்துக்கொள்வது போல. கொடியில் தொங்கிய துணிகள் அசையாமல் இருந்தன.

இருபத்தேழாம் தேதி ஒன்பதாவது ரோலைக் கழுவினேன். கூடுதல் படத்தில் என் முகம் மட்டும். நிமிர்ந்து பார்க்கும் முகம். கண் இமை எண்ணலாம்.

ஒன்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். தூரத்துச் சதுரம், மாடி, வகிடு, முகம். யாரும் என்னைத் தேடி நடந்து வரவில்லை. யாரோ விழுந்துகொண்டிருக்கிறார்கள்... கையில் கேமராவோடு.

பாக்கி ஒரு ரோல்.

வீட்டுக்காரர் நாராயணஸ்வாமி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது படத்தையும் அவரிடம் காட்டினேன்.

"நக்கோம்மா, வேணாம். மேல போகாத. கதவைப் பூட்டிடறேன்."

"இன்னும் மூணு நாள்தான், அங்கிள்."

"அந்த எடத்துல நிக்காதம்மா, அஞ்சடி தள்ளி நில்லேன்."

"அஞ்சடி தள்ளுனா அது வேற வானம் அங்கிள். நா ஏன் தள்ளணும்? வாரவங்க தள்ளி விழட்டும்."

வாய் அப்படிப் பேசியது. மாடிப்படியை மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். செல்ஃப் டைமர் போட்டுவிட்டு ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இருபத்தொன்பது நாள் என் கண்ணால் பார்த்து, என் விரலால் எடுத்தேன். முப்பதாவது நாளை ஒரு டைமரிடம் கொடுக்க மாட்டேன்.

ஜூன் 30, புதன்கிழமை. மேகம் அடர்ந்து வெயிலே இல்லை. எதற்கும் நிழல் விழவில்லை.

5:40. முதல் படம்.

5:46. ஏழாவது. சத்தம் இல்லை. நாயும் குரைக்கவில்லை. தெருவில் ஆட்டோ கூட ஓடவில்லை.

5:49. பட பட பட...

நிமிர்ந்தேன். மேகம்தான். வேறு ஒன்றும் இல்லை.

5:50. குனிந்தேன். என் காலடியில், பெருக்கல் குறி மேல், ஒரு கறுப்பு வட்டம். தட்டு அளவு. நிழல்.

அது பெரிதாகிக்கொண்டிருந்தது.

பட பட பட பட...

இப்போது மூச்சும் கேட்டது. என்னுடையது இல்லை.

"வா!" என்று கத்தினேன். "வந்து தொலை! நா நகர மாட்டேன்!"

5:51.

அழுத்தினேன். க்ளிக்.

இன்னொரு க்ளிக்... தலைக்கு மேலே. கை எட்டும் உயரத்தில்.

என் இரண்டு கையும் தானாக மேலே போயின.

கனம்.

ஒரு நொடி. இரண்டு கையிலும் ஓர் ஆள் கனம். சில்லென்று. ஈரமாக.

பிறகு... இல்லை.

நாய் குரைத்தது. ஆட்டோ போனது. உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தது. நான் குறியின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று ஏழு மணிக்கு ரோலைக் கழுவினேன். முப்பத்தாறாவது படம் அருமையாக விழுந்திருந்தது. முப்பத்தேழாவதைப் பிரிண்ட் போட்டேன். சிவப்பு விளக்கில், தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் மெல்ல மெல்ல இரண்டு உள்ளங்கைகள் எழுந்து வந்தன. வலது கையில் பிறை வடிவத் தழும்பு. 1999-ல் குக்கர் மூடியில் சுட்டுக்கொண்டது. என் கைகள்.

மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பதோடு முப்பத்தொன்றாவதாக அதையும் சுவரில் மாட்டுவது என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லி யூசுப் பாயிடம் கொண்டு போனேன்.

பாய் ஒவ்வொன்றாகப் பார்த்து "ஷாபாஷ்" சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் படத்தை எடுத்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இத எங்கம்மா எடுத்தே?"

"எங்க மாடியில, பாய். அல்வால்ல."

"இல்லம்மா. இத நான் பிரிண்ட் போட்டிருக்கேன்."

"எப்போ?"

"எண்பத்து மூணுல. போலீஸ் கேட்டாங்க."

மேகத்தைப் படம் எடுக்கச் சின்ன விமானத்தில் போன ஒரு ஃபோட்டோகிராபர், கதவோரமாகச் சாய்ந்து எடுத்தபோது விழுந்துவிட்டாராம். விரல் பொத்தானிலேயே இருந்திருக்கிறது. கேமரா தானாகச் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறது. விழும்போது பத்துப் படம். போலீஸுக்குப் படம் போட்டுக் கொடுத்த ஸ்டுடியோவில் பாய் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது.

"அந்தப் படங்கள்ல கீழ ஒரு மாடி இருந்துச்சும்மா. ஆனா அவர் விழுந்த எடத்துல வீடே கெடையாது. வெறும் பாறை, முள்ளுக்காடு. மாடியில ஒரு பொண்ணு நிக்குது. டிரஸ் தெரியற ஒவ்வொரு படத்துலயும் வேற வேற டிரஸ்ஸு. அர நிமிசத்துக்குள்ள! ரெண்டு மாசம் தேடுனாங்க. அப்டி ஒரு பொண்ணே இல்லன்னு ஃபைல மூடிட்டாங்க."

1983-ல் எனக்கு ஏழு வயது. திருநெல்வேலியில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

"கையக் காட்டும்மா," என்றார். காட்டினேன். தழும்பைப் பார்த்தார். தொடவில்லை.

"அவரு செத்துட்டாரா பாய்?"

"ஒடம்புல ஒரு எலும்பு முறியல. யாரோ ஏந்திப் படுக்க வச்ச மாதிரி கெடந்தாரு. மூணு நாள் ஆஸ்பத்திரியில உயிரோட இருந்தாரு."

"அப்புறம் எப்படி..."

பாய் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"பயம்மா. கண்ண மூடுனா அந்தப் பேயோட கை வருதுன்னு கத்துனாராம். தூங்கவே இல்ல. மூணாம் நாள் அப்டியே போயிட்டாரு."

முப்பத்தொரு படத்தையும் மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் கடைசிப் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். அது யாருடைய கை என்று கேட்டார்கள். என்னுடையது என்று சொன்னேன். யார் எடுத்தது என்று கேட்டவர்களிடம் என்னைப் பார்த்துப் பயந்து செத்துப்போன ஒருவர் என்று சொன்னேன். சிரித்தார்கள்.