கொள்ளுப் பருப்பு யார் செய்தது?

போன வாரம் உடும்பஞ்சோலைக்குப் போயிருந்தேன். பொள்ளாச்சி, பழனி, போடி என்று பஸ் மாறி மாறி, கடைசியில் மலை வளைவுகளில் தலை சுற்றி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு... இந்த வயதில் தேவையா என்று கேட்பீர்கள். தேவை என்றுதான் நானும் நினைத்தேன்.

மருமகள் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "அத்தை ஒரு தடவை வந்து எனக்குச் சமையல் சொல்லிக் குடுத்துட்டுப் போகணும்."

எந்த மாமியாருக்குப் பெருமையாக இருக்காது? எனக்கு எழுத்து தகராறு. இந்தப் பத்தியைக்கூட நான் சொல்லச் சொல்லத் தம்பி மகள்தான் எழுதுகிறாள். ஆனால் அடுப்படியில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் காட்டுக் கொள்ளு, சின்ன வெங்காயம், மல்லி, என் மத்து — எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மகன் மயில்சாமி அங்கே ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர். மருமகள் செல்லத்தாய் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். நாங்கள் பார்த்த பெண் இல்லை. இவளைத்தான் கட்டுவேன் என்று இவனே ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டது. அப்படிக் கட்டிக்கொண்டவனுக்கு, அவள் சோறு மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லையாம்!

போன அன்று சாயங்காலமே அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஒருநா கூட தட்டை வழிச்சுச் சாப்பிட்டதில்ல அத்தை. ரெண்டு வாய் வைப்பாக. எங்கம்மா கை யாருக்கும் வராதும்பாக. எந்திரிச்சிருவாக. மிச்சத்த நான்தான் திங்கேன். தெனமும் மிச்சம் தின்னு தின்னு, எனக்கே என் சோறு புடிக்காமப் போச்சு."

"எல்லா ஊட்லயும் நடக்கறதுதான் அம்மிணி."

"கத்துக்கிட்டா சரியாயிரும்லா அத்தை?"

"ஆகாம? நானிருக்கறேன் பாரு."

அவள் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான்தான் வரவழைத்தேன். அதனால்தான் இப்போது வயிறு எரிகிறது.

அவள் சமைத்ததை முதலில் சாப்பிட்டுப் பார்த்தேன். ரேஷன் அரிசி கொஞ்சம் வாடை. அதற்கு அவள் என்ன செய்வாள்? குழம்பில் புளி ஒரு சொட்டு கூடுதல். அது அவர்கள் பக்கத்துப் பழக்கம். மற்றபடி நல்ல சமையல். உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க வந்தவள், கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் கொள்ளு போட்டேன். அந்தக் குளிரில், ஈர விறகில், அது வேகவே மத்தியானம் ஆகிவிட்டது. செல்லத்தாயை ஒன்றும் தொடவிடவில்லை. "நீ பாத்துக்க, அது போதும்" என்று எல்லாம் நானே செய்தேன். வெங்காயமும் மல்லியும் வறுத்துப் போட்டுக் கடைந்து, தாளித்து இறக்கி, நாக்கில் வைத்துப் பார்த்தேன். என் கல்யாணமான நாளிலிருந்து செய்கிறேன். இவ்வளவு நன்றாக வந்து நாளாயிற்று. குளிர்த் தண்ணீர் பட்டதோ என்னவோ!

கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். அந்த நேரம் பார்த்து மகன் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து சாப்பிட வந்துவிட்டான். அவள் சோறு போட்டு, கொள்ளுப் பருப்பை ஊற்றினாள். பலகைச் சுவர், பேசுவது அப்படியே கேட்கிறது.

"என்ன புள்ள இது, கொள்ளா? மாட்டுத் தொட்டியில ஊத்தறதாட்ட இருக்குது. எங்கம்மாவே ஊட்ல வந்து உக்காந்திருக்கறாங்க. அவிங்களைப் பாத்தாவது கத்துக்கலாம்ல? இந்தா, நீயே தின்னு."

தட்டைத் தள்ளும் சத்தம். நான் ஈரக் கையோடு உள்ளே போனேன்.

"என்றா மயிலு, அது நான் செஞ்சதுடா!"

அவன் என்னைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். வெட்கப்படுவான் என்று நினைத்தேன். பெண்டாட்டி முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை தன்மையாகச் சொல்வான் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் இந்த வாரம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அதானே பாத்தனுங்கம்மா! முதல் வாய் அவசரத்துல உள்ள போயிருச்சு. இப்ப பாருங்க... அடடா, இதல்லவா கொள்ளு! இன்னும் கொஞ்சம் ஊத்து புள்ள."

ஊற்றினாள். வழித்துச் சாப்பிட்டான். விரலையும் நக்கினான்.

"ஏண்டா, அப்ப உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?" என்றேன்.

"பெருமையாச் சொன்னா கோவிக்கறீங்களே! உங்க கை பட்டாலே அது தனிங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். கெட்டவன் இல்லை. எனக்குக் குளிரும் என்று புதுக் கம்பளி வாங்கி வைத்திருந்தான். அவன் சொன்னது அவனுக்கே பொய்யாகத் தெரியவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

அவன் திட்டியதுகூட எனக்கு வலிக்கவில்லை. பாராட்டினான் பாருங்கள் — அது வலித்தது. சின்ன வயதிலிருந்து 'உங்க கை மாதிரி வராதுங்கம்மா' என்று சொல்லி வளர்ந்தவன். அதைக் கேட்டுக் கேட்டுத்தானே நான் வெயிலென்றும் புகையென்றும் பாராமல் அடுப்படியில் நின்றேன்? நான் செய்தது என்று தெரிந்தால் நல்லாயிருக்கிறது; தெரியாவிட்டால் மாட்டுத் தொட்டி. அப்படியென்றால் இத்தனை வருஷம் அவன் ருசித்தது எதை?

அம்மா சமையல், அம்மா சமையல் என்று சொல்கிற ஆண்பிள்ளைகளின் பேச்சுக்கும் அவர்கள் நாக்குக்கும் சம்பந்தமே இல்லை. பெண்டாட்டி காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்டுப் பூரிக்கிற தாய்மார்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பூரிப்புக்காக யாரோ ஒருத்தி மிச்சச் சோறு தின்கிறாள்.

அவன் போனதும் செல்லத்தாய் சிரித்தாள். "அத்தை, நீங்க செஞ்சதுக்கே அந்தப் பேச்சு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பு பாதியில் நின்றது. காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் கத்துக்கிட்டு என்ன ஆவப்போவுது?"

அதன் பிறகு அவள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. எவ்வளவு வெங்காயம், எப்போது தாளிப்பது... ஒன்றுமே. இருந்த நாளெல்லாம் நானே சமைத்தேன். என் சமையல் என்று தெரிந்து அவன் வழித்து வழித்துச் சாப்பிட்டான். எனக்குத்தான் இறங்கவில்லை.

கிளம்பும் நாள் அவன் வேலைக்குப் போய்விட்டான். அவள்தான் மூட்டையைச் சுமந்துகொண்டு பஸ் நிற்கிற இடம்வரை வந்தாள். பனி மூடிக் கிடந்தது. மத்தை அவளுக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வேறு எதைக் கொடுப்பது?

"அத்தை" என்றாள். "நீங்க இருக்கையில சரி. போன பொறவு, யாரு செஞ்சதுன்னு சொல்ல?"

"பஸ் சத்தம் கேக்குது கண்ணு" என்றேன்.

எந்தச் சத்தமும் கேட்கவில்லை.