பத்து நொடி அக்கா

வேலையில் ஹெட்செட்டை மாட்டும் முன் அக்கா இடது காதுத் தோட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். திரும்ப மாட்ட மறந்துவிடுவார். துணி துவைக்கும்போது பையில் தோடு கிடைப்பது அவருடைய கணவருக்குப் பழகிவிட்டது.

வானில் சுற்றும் போர் விமானத்துக்கும் தரையில் மாட்டிக்கொண்ட சிப்பாய்க்கும் நடுவே, ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாகிறது. கண்ணாடிப் பலகையில் பென்சிலால் குறித்து, தொலைபேசியில் தொண்டை கிழியக் கத்திய காலத்தில் விமானம் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். இப்போது புதுக் கணினித் திரை வந்திருக்கிறது. அதை உருவாக்கியவர்களோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவரும் இவர்தான். "நாலே நிமிஷம்! நம்ம வீட்டுல ரிமோட்டத் தேடவே அரை மணி ஆகுது" என்று கணவரிடம் பீற்றிக்கொள்வார்.

ஒன்றில் மட்டும் பிடிவாதம். தாக்க வேண்டிய இடத்தின் வரைபட எண் சிப்பாயிடமிருந்து வந்ததும், "அது சரி தம்பி, நீ எங்க நிக்கிற?" என்று கேட்காமல் விமானத்துக்கு அனுமதி தரமாட்டார். அதற்குப் பத்து நொடி. வெட்டி வேலை என்றார் திரையை உருவாக்கிய பொறியாளர். 'பத்து நொடி அக்கா' என்று பெயர் வைத்ததும் அவரே. புதுத் திரைக்கான புதன்கிழமைச் சோதனை முடிந்ததும் அந்தக் கேள்வியை எடுத்துவிடுவதாக முடிவாகியிருந்தது.

சோதனையில் மலைச்சரிவில் நாற்பது சிப்பாய்கள். மேலே நிஜக் குண்டோடு விமானம். எண் வந்தது. திரை பச்சை காட்டியது. அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அக்கா அனுமதிப் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டார்.

"நீ எங்க நிக்கிற தம்பி?"

அவன் வாசித்தான். தாக்கச் சொல்லி அனுப்பிய அதே எண்.

"பேட்டரி மாத்தினியா?"

"ஆமா மேடம், இப்பதான்."

பேட்டரி மாற்றினால் அவன் கையிலுள்ள கருவி முன்பு குறித்த தாக்குமிடத்தை மறந்து, தான் இருக்கும் இடத்தையே காட்டும். "பதறாத. மறுபடி குறிச்சு அனுப்பு" என்றார்.

மறுவாரம் பொறியாளரே வந்து திரையைக் காட்டினார். சிப்பாய் தன் இடத்தைப் பதியாமல் இனிப் பொத்தான் திறக்காது. "உங்க கேள்விதான்க்கா. இனிமே மெஷினே கேக்கும்."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அப்போது ஓர் அழைப்பு. திரை கேட்டது, பதில் வந்தது, பச்சை எரிந்தது. அக்கா தோட்டைக் கழற்றிப் பையில் போட்டு, ஹெட்செட்டை மாட்டி, ஒலிவாங்கியை வாய்க்கு அருகே இழுத்தார்.

"அது சரி தம்பி, நீ எங்க நிக்கிற?"