சோப்பு பூசிய பலூன்

பக்கவாதம் வந்து போனதிலிருந்து சலூன்காரரின் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கத்தரிக்கோல் எப்படியோ மறுபடி வசப்பட்டுவிட்டது. சவரக்கத்தியைப் பிடித்தால்தான் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. "எல்லாம் சரியாயிடும்" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொன்னார்கள். சரியாகும்வரை யார் முகத்தைக் கொடுப்பது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

அதனால் தொழில் பழகிய காலத்து வழிக்கே அவர் திரும்பினார். காலையில் கடை திறந்ததும் மனைவி ஒரு பலூனை ஊதிக் கொடுப்பாள். அதில் சோப்பு நுரையைப் பூசி, கத்தியால் வழித்துப் பார்ப்பார். வெடித்துவிட்டால் அன்றைக்குச் சவரமெல்லாம் மனைவி பொறுப்பு. அவரிடமே தொழில் கற்றுக்கொண்டவள் அவள். பலூனும் தினமும் தவறாமல் வெடித்தது. பக்கத்துக் கடைக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டீயே சொல்வார்.

ஒருநாள் சத்தம் வரவில்லை. நுரையெல்லாம் போய், பலூன் முழுசாகப் பளபளத்தது. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. முடி வெட்ட வந்திருந்த தன் தம்பியைப் பிடித்து உட்காரவைத்து, கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டாள்.

"மாமா, நிஜமாவே உடையலயா?" என்றான் அவன், நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு.

"உடையலடா. ஆடாம உக்காரு."

இரண்டு கன்னத்தையும் ஒரு கீறல் இல்லாமல் வழித்து முடித்தார். மச்சினனின் மோவாயை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தியை மனைவியிடம் நீட்டினார்.

"ஏங்க, நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு?"

"போகுதுதான். ஆனா பலூனுக்குக் கழுத்து கிடையாதே! இன்னைக்குக் கன்னம் என்னுது, கழுத்து உன்னுது."