ஈரல் செல்லும் பிளீச் வாளியும்

1. முதல் நாள்

நான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் அட்டெண்டர் வேலை. புதுச்சேரி டவுனிலேயே. இரண்டாயிரமாவது வருஷத்தைத் தாண்டிய சமயம். முதல் நாள், லேபை நடத்தும் பெரிய சார் ஒரு பிளாஸ்க்கைக் காட்டினார். தட்டையான பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே ரோஸ் கலரில் தண்ணீர்.

"இதுல என்னா இருக்கு தெரியுமாய்யா?"

"ரோஸ்மில்க் மாதிரி இருக்கு சார்."

"குடிச்சிடாத. ஈரல் கேன்சர் செல்லு. உசுரோட இருக்கு."

அதை வளர்ப்பது என் வேலை இல்லை. கொல்வதுதான். வேலை முடிந்த பிளாஸ்க்கில் பிளீச் ஊற்ற வேண்டும். அப்புறம் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். அது பெரிய குக்கர் மாதிரி. அதில் வைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

2. வளர்த்தவர்

செல்லை வளர்த்தவர் தமிழரசி. உழவர்கரைப் பக்கம் விவசாயக் குடும்பம். பிஎச்.டி. பண்ண வந்தவர். ஞாயிற்றுக்கிழமையும் மொபெட்டில் வந்து மீடியம் மாற்றுவார். மீடியம் என்பது செல்லுக்குச் சாப்பாடு.

"எங்கப்பா திட்டறாருண்ணே. ஊரே கேன்சர ஒழிக்கணும்னுது, நீ என்னாடி லீவு நாள்ல போயி அதுக்கு சோறு போட்டுட்டு வர்றியேன்னு."

நான் அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. அன்று சிரித்துவிட்டேன்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். என்னிடமும் பொறுமையாகச் சொன்னார்.

"மஞ்சக்காமாலைல பி டைப்புன்னு ஒரு வைரஸ் இருக்குண்ணே. சில பேருக்கு ஈரல்லயே தங்கிடும். வருஷம் போகப் போக கேன்சர்ல கொண்டுபோய் விடும். கேன்சர் ஆன செல்லுக்குள்ளயும் அது சும்மா இருக்குமா? என்னா பண்ணுதுன்னு பாக்கறேன்."

"அந்த வைரஸ் இந்த பாட்டில்ல இருக்குதாம்மா?"

"முழுசா இல்ல. அதோட ஒரு ஜீன மட்டும் நானே உள்ள விட்டிருக்கேன். பயப்படாதீங்க."

பாதி பிளாஸ்க்கில் அந்த ஜீன் உண்டு. பாதியில் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே கேன்சர் மருந்தை விட்டார். ஜீன் இல்லாத செல் செத்தது. ஜீன் உள்ள செல் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. வைரஸ்தான் கேன்சர் செல்லைக் காப்பாற்றுகிறது என்று ஆயிற்று. பெரிய சார் எல்லாருக்கும் சமோசா வாங்கித் தந்தார். ஆராய்ச்சிப் பேப்பர் எழுதியாகிவிட்டது. ஜர்னலுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

3. நீலப் பொடி

அந்த வாரமே தமிழரசி ஒரு டெஸ்ட் பண்ணினார். யாரும் பண்ணச் சொல்லவில்லை. செல் கொஞ்சம் மெதுவாக வளர்கிற மாதிரி அவருக்குப் பட்டது. அவ்வளவுதான்.

மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். இருட்டில் நீல உருண்டைகள். அவை செல்லின் நடுப்பகுதி. சுற்றிலும் நீலப் பொடி தூவியது போல இருந்தது. அந்தப் பொடி இருக்கக் கூடாது. அது மைக்கோபிளாஸ்மா என்கிற பாக்டீரியா. அது புகுந்தால் மீடியம் கலங்காது. வெறுமனே பார்த்தால் தெரியாது. ஜீன் உள்ள பிளாஸ்க் எல்லாவற்றிலும் அது இருந்தது. ஜீன் இல்லாததில் இல்லை. ஃப்ரீசரில் எடுத்து வைத்த செல்லிலும் இருந்தது.

சாரிடம் போய்ச் சொன்னார். நான் டீ கொண்டுபோனபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"செல்ல காப்பாத்துனது வைரஸா, இந்த பாக்டீரியாவான்னு இப்ப சொல்ல முடியாது சார்."

"ஏம்மா, இந்த டெஸ்ட்ட பேப்பர் அனுப்புன பொறவு பண்ணியிருக்கக் கூடாதா?"

"பொறவு பண்ணியிருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன் சார். அதான் முன்னாடியே பண்ணேன்."

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன் ஃபெலோஷிப் பணம் சீக்கிரம் முடியுதே. அப்புறம் எதை வெச்சு ஓட்டுவ?"

தமிழரசி நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, பிளீச் வாளி எடுங்க. எல்லாத்தையும்."

"ஒண்ணு ரெண்டாச்சும் வெச்சுக்கம்மா."

"வெச்சா மனசு மாறிடும்ண்ணே. நீங்க வாளிய புடிங்க, நான் ஊத்தறேன்."

ஒவ்வொரு பிளாஸ்க்காக எடுத்து அவரே வாளியில் கவிழ்த்தார். ரோஸ் கலர் போய் வாளித் தண்ணீர் வெளுத்தது.  

4. மறுபடியும்

செல் வளர்க்கிற இன்குபேட்டரைக் கழுவித் துடைத்தோம். வெளியூரிலிருந்து புதுச் செல் வந்தது. தமிழரசிக்கு ஃபெலோஷிப் நின்றுபோனது. சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். மாதா மாதம் அந்த டெஸ்ட்டும் செய்தார்.

ஜீன் உள்ள செல் இந்தத் தடவையும் கொஞ்சம் அதிகமாகப் பிழைத்தது. கொஞ்சம்தான். முன்பு வந்தது போல இல்லை.

சார் கிராஃபைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான் சார். ஆனா இது வைரஸோடது."

சார் பழைய பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக எழுத உட்கார்ந்தார்.

பெரிய ரிசல்ட்டை வாளியில் கொட்டியவரைப் பார்த்தேன். சின்ன ரிசல்ட்டோடு நிமிர்ந்து நின்றவரையும் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள். அந்த லேபில் நான் கற்றது அவ்வளவுதான்.